முற்றுப்பெறாத பந்தயம்: சியாட்டில், 1919

உலகத்து விளையாட்டுப் பரிசுகளுள் ஸ்டான்லி கோப்பைக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரே கோப்பைதான் ஒரு கோஷ்டியின் கையிலிருந்து மற்றொரு கோஷ்டியின் கைக்கு மாறிக்கொண்டிருக்கும். அதை வென்றவர்களுடைய பெயர்கள் அதன் அடிப்பாகத்தைச் சுற்றியுள்ள வெள்ளிப் பட்டைகளில் பொறிக்கப்படும். ஐஸ் ஹாக்கியில் உயிரை வைத்திருக்கும் கனடா தேசத்துச் சிறுவர்கள் அந்தப் பட்டைகளைப் படித்தே தங்கள் விளையாட்டின் சரித்திரத்தைக் கற்றுக்கொள்வார்கள். 1948-ம் ஆண்டில் அந்தக் கோப்பையின் உருவத்தைப் புதுப்பித்தபோது, 1919-ம் ஆண்டுக்குரிய இடத்தில், வென்றவர் பெயர் எதுவும் இல்லாமல், மான்ட்ரீல் கனேடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் என்ற இரண்டு கோஷ்டிகளின் பெயர்களையும் பொறித்து, அவற்றின் கீழே பந்தயம் முற்றுப்பெறவில்லை என்ற செய்தியை மட்டும் எழுதிவைத்தார்கள். 1893-ல் முதன்முதலாகக் கோப்பை வழங்கப்பட்ட நாளிலிருந்து, போட்டி தொடங்கியபின் முடிவு காணாமல் நின்றுபோனது அந்த ஒரே ஆண்டில்தான். முடிவு காணாத அந்தப் பந்தயத்தையே அக்காலத்துப் பந்தயங்களிலெல்லாம் சிறந்ததாக நான் மதிக்கிறேன். அந்த மதிப்புக்குரிய காரணங்கள் ஆட்டக்களத்திலும் இருக்கின்றன, களத்துக்கு வெளியிலும் இருக்கின்றன.

நம் நாட்டில் ஹாக்கி என்றால் புல்தரையில் ஆடும் ஆட்டமே நினைவுக்கு வருமாதலால், ஐஸ் ஹாக்கியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிட வேண்டும். உறைந்த பனிக்கட்டியாலான தளத்தின்மேல், அடியில் எஃகுத் தகடு பொருத்திய பூட்ஸ்களை அணிந்து சறுக்கிச் செல்லும் ஆட்டக்காரர்கள், மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குல கனமும் உடைய கெட்டியான ரப்பர் வட்டைக் கைத்தடியால் தள்ளியும் அடித்தும் எதிரியின் கோலுக்குள் செலுத்துவதே ஆட்டம். மனிதன் தன் கால்களின் வலிமையால் அடையக்கூடிய பெரிய வேகங்களுள் பனிச்சறுக்கின் வேகமும் ஒன்று. அந்த வேகத்தில் ஒருவரோடு ஒருவர் மோதுவதும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாகையால், இந்த ஆட்டத்துக்குத் தேகபலமும் நெஞ்சுரமும் மிகுதியாக வேண்டும். இருபது நிமிஷம் கொண்ட மூன்று பகுதிகளாக ஓர் ஆட்டம் நடைபெறும். இக்காலத்தில் ஒரு கோஷ்டியில் இருபது பேர் இருந்து ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை மாறி மாறிக் களத்தில் இறங்குகிறார்கள்; 1919-ல் ஒரு கோஷ்டியில் மொத்தமே பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள் என்பதையும், முதலில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் அறுபது நிமிஷமும் களத்திலேயே நின்றார்கள் என்பதையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது; பின்னால் நடந்தவற்றின் கொடுமை அப்போதுதான் விளங்கும்.

கோப்பையை அளித்தவர் கனடாவில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாகக் கவர்னர் ஜெனரல் பதவி வகித்த ஸ்டான்லி பிரபு. தம் புதல்வர்கள் அந்த ஆட்டத்தில் கொண்ட மோகத்தால் தாமும் அதில் ஈடுபட்ட அவர், 1892-ல் லண்டனில் பத்துக் கினி விலைக்கு ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வாங்கி, கனடாவின் தலைசிறந்த கோஷ்டி எதுவோ அதற்கு உரியதாகும்படி தருமகர்த்தாக்கள் இருவரிடம் ஒப்படைத்தார். ஆடுவது கௌரவத்துக்காகவே, கூலிக்காக அல்ல என்ற கொள்கை நிலவிய காலம் அது. சுரங்க முதலாளிகளும் நகரப் பிரமுகர்களும் தங்கள் ஊருக்குப் புகழ் தேடும் ஆவலில் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியதும் அந்தக் கொள்கை படிப்படியாகத் தளர்ந்தது. 1910-ம் ஆண்டையொட்டிக் கோப்பைக்குப் போட்டியிட்டவர்கள் எல்லோரும் சம்பளம் பெறும் தொழில்முறை ஆட்டக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். மான்ட்ரீல் நகரத்துப் பிரெஞ்சு மொழி மக்களின் பெருமைக்குரிய கனேடியன்ஸ் கோஷ்டி 1909 டிசம்பரில் ஸ்தாபிக்கப்பட்டது. அது சேர்ந்திருந்த கிழக்குப் பிரதேசச் சங்கம் கலைந்து, 1917 நவம்பரில் மான்ட்ரீலின் வின்ட்ஸர் ஹோட்டலில், இன்று உலகமெல்லாம் அறிந்த தேசிய ஹாக்கி லீக் பிறந்தது.

மேற்கே, பசிபிக் மகாசமுத்திரக் கரையில், இதற்குள் வேறொரு ராஜ்யம் எழுந்திருந்தது. லெஸ்டர் பாட்ரிக், ஃபிராங்க் பாட்ரிக் என்ற சகோதரர் இருவர், தாங்களே சிறந்த ஆட்டக்காரர்கள். அவர்களுடைய தந்தை தம் மரவியாபார நிறுவனத்தை விற்று வந்த பெருந்தொகையை, புதல்வர்களின் யோசனையை நம்பி, இந்த விளையாட்டில் போட்டார். அந்தக் கரையோரத்தில் குளிர் மிதமானது. குளங்களும் ஏரிகளும் ஆட்டத்துக்கு ஏற்ற அளவு உறைவதில்லை. ஆகவே, குளிரூட்டிய உப்புநீரைத் தரையின் அடியில் குழாய்களில் ஓடவிட்டு அதன்மேல் தண்ணீரை உறையவைக்கும் யந்திர அரங்குகளை வான்கூவரிலும் விக்டோரியாவிலும் 1911-ல் கட்டினார்கள். கனடாவில் செயற்கைப் பனிக்கட்டியில் ஹாக்கி ஆடியது அங்கேதான் முதல்முதல். தளத்தை நீலக் கோடுகளால் மூன்றாகப் பிரித்து நடுப்பகுதியில் வட்டை முன்னோக்கித் தள்ளிக் கொடுக்க அனுமதித்தது, கோல் காவலர் தளத்தில் விழுந்து தடுக்கலாம் என்று இசைந்தது, ஆட்டக்காரர் முதுகில் எண் தைத்தது என்று இன்றைய ஆட்டத்தில் நாம் இயல்பாகக் காணும் பல ஏற்பாடுகள் அந்தச் சகோதரர்களின் சங்கத்தில் தழைத்தவையே. கோடுகளையும் முன்தள்ளலையும் பற்றி முதலில் முகம் சுளித்த கிழக்கத்தியார், சில ஆண்டுகளுக்குள் அவற்றைத் தாங்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒன்றில் மட்டும் இரு தரப்பாரும் இணங்கவில்லை. கிழக்கே ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மேற்கே பழைய முறைப்படி ஏழு பேர். அந்த ஏழாமவருக்கு நிலையான இடம் இல்லை. தாக்குதலுக்கும் காவலுக்கும் நடுவில் தளம் முழுவதும் அலைந்து, எங்கே தேவையோ அங்கே போய் நிற்பது அவருடைய கடமை. இரண்டு சங்கங்களின் வெற்றியாளரும் கோப்பைக்காகச் சந்திக்கும்போது, ஓர் ஆட்டம் மேற்கு விதிப்படி, அடுத்தது கிழக்கு விதிப்படி என்று மாறி மாறி ஆடுவது ஒப்பந்தம். எந்த விதி தனக்குப் பழக்கமோ அந்த விதியில் அந்தந்தக் கோஷ்டி ஓங்கி நிற்கும் என்பது எதிர்பார்க்கத்தக்கதுதானே? ஒரு நாள் புலியாக இருந்தவர்கள் மறு ஆட்டத்தில் தடுமாறுவதைக் காணும் விசித்திரம் அந்தக் காலத்துப் பந்தயங்களுக்கே உரியது.

சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் கோஷ்டி 1915-ல் உருவாயிற்று. சிவப்பு, பச்சை, வெள்ளை வரிகள் அடுக்கடுக்காக ஓடும் கம்பளிச் சட்டையும், பீட் மல்டூன் என்ற இளம் பயிற்சியாளரும் அதன் அடையாளங்கள். ஆட்டக்காரர்கள் அனைவரும் கனடாவிலிருந்து வந்தவர்கள். இரண்டாவது ஆண்டிலேயே, 1917-ல், அவர்கள் மான்ட்ரீல் கனேடியன்ஸைச் சந்தித்து, முதல் ஆட்டத்தில் தோற்றபின் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் வென்று கோப்பையைக் கைப்பற்றினார்கள். கனடாவின் கோப்பையை அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஒரு கோஷ்டி முதல்முறையாக வென்றது அப்பொழுதுதான். அந்தப் பந்தயத்தில் பெர்னி மாரிஸ் என்பவர் தாம் ஒருவராகவே 14 கோல்கள் போட்டார். ஆகவே 1919 மார்ச்சில் அதே இரு கோஷ்டிகளும் அதே சியாட்டில் அரங்கில் மறுபடி எதிர்ப்பட்டபோது, மான்ட்ரீல்காரர்களுக்குத் தீர்க்கவேண்டிய பழைய கணக்கு ஒன்று இருந்தது.

இரண்டு ஆண்டுகளில் அந்த நகரம் பட்ட பாடு சொல்லி முடியாது. உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில் பூமியைச் சூழ்ந்த இன்புளுவென்ஸா என்னும் விஷஜுரம், 1918 இலையுதிர்காலத்தில் ராணுவ முகாம்களின் வழியாகச் சியாட்டிலுக்குள் புகுந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் நகராட்சித் தலைவர் ஓலி ஹான்ஸன் நாடகசாலைகளையும் தேவாலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் மூடும்படி உத்தரவிட்டார். முகத்தில் துணித்திரை கட்டாதவர்களை டிராம் வண்டிகளில் ஏற்ற மறுத்தார்கள். நவம்பர் 11-ல் யுத்தம் நின்ற செய்தி வந்ததும் ஜனங்கள் திரைகளைப் பிய்த்தெறிந்துவிட்டு வீதிகளில் கூடினார்கள், தடைகளும் அகன்றன. பிப்ரவரியில், கப்பல் கட்டும் தொழிலாளருக்கு ஆதரவாக அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, நகரம் சில நாட்கள் ஸ்தம்பித்து நின்றது. அதுவும் தீர்ந்தது. மார்ச்சில் ஹாக்கிப் பந்தயம் வருகிறது என்றவுடன், துன்பமெல்லாம் தொலைந்து பழைய நாட்கள் திரும்பிவிட்டன என்று மக்கள் நம்பியதில் வியப்பில்லை. ஜுரமோ போகவில்லை. உலகெங்கும் மூன்றாவது அலையாக அது மீண்டும் தலைதூக்கிக்கொண்டிருந்தது. இந்திய நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்ட அதே நோய்தான் அது என்பதை நினைக்கும்போது, பல்லாயிரம் மைலுக்கு அப்பால் நடந்த இந்தக் கதை நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

மான்ட்ரீலிலிருந்து பசிபிக் கரைக்கு ரயில் பாதை சுமார் 2,900 மைல். ஒட்டாவாவை ஐந்து ஆட்டங்களில் நாலுக்கு ஒன்று என்று வென்றுவிட்டு, பனிமூடிய சமவெளிகளையும் ராக்கி மலைகளையும் பல நாள் பிரயாணத்தில் கடந்து வந்த கனேடியன்ஸ் கோஷ்டியில், ஒவ்வொருவரும் ஒரு தனி மனிதர். அதன் தலைவரும் பயிற்சியாளருமான லலோண்ட், ஒரு காலத்தில் பத்திரிகை அச்சகத்தில் வேலை செய்ததனால் நியூஸி என்ற செல்லப்பெயரைப் பெற்றவர். லக்ராஸ் என்ற கனடிய ஆட்டத்திலும் தம் தலைமுறையில் அவருக்கு நிகரானவர் இல்லை. கோல் காவலர் ஜார்ஜ் வெசினா, ஷிகூட்டிமி என்ற சிற்றூரிலிருந்து வந்த அமைதியே உருவான மனிதர். 1910-ல் கோஷ்டியில் சேர்ந்த நாள்முதல் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர். உடைமையாளரும் நிர்வாகியுமான ஜார்ஜ் கென்னடி, மல்யுத்தப் பந்தயங்கள் நடத்திப் பெயர் பெற்றவர்.

இவர்களுள் ஜோ ஹால் என்பவரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கனடாவின் மானிடோபா மாகாணத்துக்கு வந்து, பிராண்டன் என்ற ஊரைச் சொந்த ஊராகக் கொண்டவர். 37 வயது, ஆட்டக்காரர்களில் மூத்தவர். கியூபெக் கோஷ்டியில் இருந்து 1912, 1913 இரு ஆண்டுகளும் கோப்பை வென்றவர். 'முரட்டு ஜோ' என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டியிருந்தன. 1918-ல் டொரன்டோவில் எதிர்க்கோஷ்டி ஆட்டக்காரர் ஒருவரோடு கைத்தடியால் அடித்துக்கொண்டதற்காக இருவரையுமே போலீஸார் கைது செய்யும் அளவுக்குப் போனது அவருடைய ஆவேசம். களத்துக்கு வெளியிலோ அவர் குடும்பஸ்தர், சாது, நண்பர்களுக்கு இனியவர் என்று அவருடன் பழகியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். முன்னாளில் எதிர்க்கோஷ்டிகளில் நின்று அவரும் லலோண்டும் ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொண்ட சண்டைகள் பிரசித்தமானவை. ஹால் கனேடியன்ஸில் சேர்ந்தபின் அந்த இருவருமே வெளியூர்ப் பிரயாணங்களில் ஒரே அறையில் தங்கும் ஆப்த நண்பர்களானார்கள். பட்டத்தை வைத்து ஒரு மனிதனை எடை போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

சியாட்டில் தரப்பில் ஒரு பெருங்குறை. வான்கூவர் கோஷ்டியை மொத்தக் கோல் கணக்கில் 7-5 என்று வென்று இறுதிப் பந்தயத்துக்கு வந்த மெட்ரோபாலிட்டன்ஸ், 1917-ன் வீரராகிய பெர்னி மாரிஸ் இல்லாமலே இறங்க நேர்ந்தது. ராணுவச் சேவைக்கான அழைப்பை மதிக்கவில்லை என்று குற்றம் சாட்டி, யுத்தம் முடிந்து நாலு மாதத்துக்குப்பின், பந்தயத்துக்குச் சற்று முன்பாக, அமெரிக்க ராணுவ அதிகாரிகள் அவரைக் கைது செய்து லூயிஸ் முகாமில் காவலில் வைத்துவிட்டார்கள். ராணுவ நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, சான்பிரான்ஸிஸ்கோ விரிகுடாவிலுள்ள அல்கட்ராஸ் தீவுக்கு அவரை அனுப்பிற்று. கனடாவில் பிறந்து பந்தய காலத்தில் மட்டும் சியாட்டிலில் தங்கிய ஒருவர்மேல் பாய்ந்த இந்தத் தண்டனை நியாயமானது என்று என்னால் எண்ண முடியவில்லை.

மார்ச் 19-ல் முதல் ஆட்டம், மேற்கு விதிப்படி. மாரிஸ் இல்லாத குறை தெரியவே இல்லை. ஃபிராங்க் ஃபாய்ஸ்டன் மூன்று கோல் போட, சியாட்டில் 7-0 என்று வென்றது. 22-ந் தேதி கிழக்கு விதி. லலோண்ட் ஒருவரே நாலு கோல்களையும் போட்டு 4-2 என்று மான்ட்ரீலுக்கு வெற்றி தேடிக் கொடுத்தார். 24-ல் மறுபடி மேற்கு விதி, மறுபடி ஃபாய்ஸ்டன், இம்முறை அவருக்கு நாலு கோல், சியாட்டில் 7-2. ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றவருக்குக் கோப்பை என்பது ஏற்பாடாகையால், சியாட்டிலுக்கு இன்னும் ஒரே வெற்றிதான் வேண்டியிருந்தது. இதுவரையில் நடந்தது விதிகளின் போட்டியே அன்றி வீரர்களின் போட்டி ஆகவில்லை.

வீரர்களின் போட்டி 26-ந் தேதி இரவு நடந்தது. கிழக்கு விதிப்படி ஆறு பேர் ஆடும் அந்த நாலாவது ஆட்டத்தில் மான்ட்ரீல் தோற்றால் அதோடு எல்லாம் முடிந்துவிடும். சியாட்டிலோ, தனக்குப் பழக்கமில்லாத முறையிலும் தான் குறைந்ததில்லை என்று காட்டுவதற்குக் காத்திருந்தது. முதல் பகுதியின் கடைசி விநாடியில் சியாட்டிலின் கல்லி வில்சன் அடித்த வட்டு வெசினாவைத் தாண்டிக் கோலுக்குள் விழுந்தது. ஆனால் அது கோட்டைக் கடக்குமுன் பகுதி முடிந்துவிட்டது என்று நடுவர் அதைத் தள்ளிவிட்டார். அதன்பின் அறுபது நிமிஷமும் முடிந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. மேலும் இருபது நிமிஷம் ஆடினார்கள், அப்போதும் இல்லை. ஒரு பக்கம் வெசினா, மறுபக்கம் ஹாப் ஹோம்ஸ். முகமூடி என்பதையே அறியாத அந்தக் காலத்தில், இந்த இருவரும் தங்கள் உடம்பையும் கைத்தடியையும் மட்டும் கேடயமாகக் கொண்டு எண்பது நிமிஷம் நின்றார்கள். மாற்று ஆள் அதிகம் இல்லாத ஆட்டக்காரர்கள், முடிவில் நடந்து வெளியேறக்கூடச் சக்தியின்றிப் பனித்தளத்திலேயே விழுந்து கிடந்தார்கள். சபையோர் இரு கோஷ்டியாருக்கும் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டது.

ஒரு கோல்கூட விழாத ஆட்டத்தை ரசிப்பது எப்படி என்று கேட்பவர்கள் இருக்கலாம். கோல்களை எண்ணுவது ஒன்றே ஆட்டத்தின் பயன் என்று நினைப்பவர்களுக்கு அந்த இரவில் ஒன்றும் கிடைத்திராது. இரண்டு கோஷ்டிகள், தாக்குவதிலும் தடுப்பதிலும் தம்மிடம் உள்ள எல்லாவற்றையும் செலவிட்டு, ஒன்றுக்கொன்று சற்றும் தாழாமல் நின்றதுதான் அந்த ஆட்டத்தின் பெருமை. முந்தைய மூன்று ஆட்டங்களிலும் கொட்டிய இருபத்திரண்டு கோல்களைவிட அந்த வெறுமையான கணக்கு எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

அடுத்த ஆட்டத்துக்கு எந்த விதி என்பதில் இரு தரப்பாரும் வாதிட்டார்கள். எந்த விதியானாலும், இனி வெற்றி தோல்வி தெரியும்வரை ஆட்டத்தை நிறுத்துவதில்லை என்று உடன்பட்டார்கள். சில நாட்களுக்குப்பின் நடந்த அந்த ஐந்தாவது ஆட்டத்தில், முதல் இரண்டு பகுதிகள் முடிந்தபோது சியாட்டில் 3-0 என்று முன்னணியில் நின்றது. கோப்பை மறுபடியும் தங்களுடையதே என்று அரங்கிலிருந்த ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். மூன்றாவது பகுதியில் ஓடி கிளெக்ஹார்ன் ஒரு கோல் போட்டார், லலோண்ட் இரண்டு போட்டார், கணக்கு சமமாயிற்று. மறுபடியும் மேலதிக நேரம். நாலாவது ஆட்டத்தின் களைப்பு நீங்காத சியாட்டில்காரர்கள் ஒவ்வொருவராகச் சோர்ந்தார்கள்: ஃபாய்ஸ்டனுக்குக் காயம், தளம் முழுவதும் அலைந்து எதிரியின் வட்டைக் கொக்கிபோட்டு இழுத்துவிடுவதில் நிபுணரான ஜாக் வாக்கரின் பூட்ஸ் தகடு உடைந்தது, கல்லி வில்சன் நிற்க முடியாமல் வெளியேறினார். மேலதிக நேரத்தில் பதினாறு நிமிஷம் ஆகும் தறுவாயில் மான்ட்ரீலின் ஜாக் மக்டானல்ட் தனியே பாய்ந்து சென்று வெற்றிக் கோலைப் போட்டார். 4-3. வெற்றிகள் இரண்டுக்கு இரண்டு.

அந்த ஆட்டத்தின் நடுவே, சண்டைக்கு அஞ்சாத ஜோ ஹால், உடம்பு அனலாய்க் கொதிக்க, தாமாகவே களத்தைவிட்டு நடந்துபோய் ஆடை மாற்றும் அறைக்குள் சென்றிருந்தார். களைப்பு என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

தீர்மானிக்கும் ஆட்டம் ஏப்ரல் 1-ந் தேதி இரவுக்கு நிச்சயிக்கப்பட்டது. அன்று காலையில் ஹால், லலோண்ட், மக்டானல்ட், கூட்டு, பெர்லிங்கெட் ஆகிய ஐவரும், நிர்வாகி கென்னடியும் கடும் ஜுரத்தில் படுக்கையில் கிடந்தார்கள். சியாட்டில் கோஷ்டியிலும் நோயின் குறிகள் தோன்றிவிட்டன. எஞ்சிய மான்ட்ரீல் ஆட்டக்காரர்களைக் கொண்டு ஒரு கோஷ்டியை நிறுத்துவதே இயலாது. விக்டோரியா கோஷ்டியிலிருந்து ஆட்களைக் கடன் வாங்கி ஆடிவிடலாம் என்று கென்னடி யோசனை சொன்னார். மேற்குச் சங்கத்தின் தலைவர் ஃபிராங்க் பாட்ரிக் அதற்கு இசையவில்லை. பிற்பகல் இரண்டரை மணிக்கு, ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில், பந்தயம் நிறுத்தப்பட்டதாக அறிவித்தார்கள்.

கென்னடி அதற்குமேல் ஒரு காரியம் செய்தார். தம் கோஷ்டியால் ஆட முடியாதாகையால், பந்தய தர்மப்படி தோல்வியை ஒப்புக்கொண்டு, கோப்பையைச் சியாட்டிலுக்கே விட்டுக்கொடுப்பதாகத் தெரிவித்தார். விதிப்புத்தகத்தைப் பார்த்தால் அதில் பிழை ஒன்றும் இல்லை. குறித்த நேரத்தில் களத்துக்கு வராத கோஷ்டி தோற்றதாகவே கருதப்படும். பீட் மல்டூன் அதை ஏற்கவில்லை. நோயில் வீழ்ந்தவர்களிடமிருந்து, ஆடாத ஓர் ஆட்டத்தின் பேரில், கோப்பையைப் பெற்றுக்கொள்ள அவரும் அவருடைய ஆட்களும் மறுத்துவிட்டார்கள். சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் நடுவில், ஐந்து ஆட்டங்களில் மொத்தம் 19 கோல் போட்டு எதிரியை 10 கோலில் நிறுத்திய ஒரு கோஷ்டி, கைக்கு எட்டிய கோப்பையை வேண்டாம் என்று சொல்லுவதற்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டும்! அவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு ஆடியவர்கள். பணத்துக்காக ஆடுபவனுக்குப் பண்பு இராது என்று முந்தைய தலைமுறையின் கனவான்கள் ஓயாது சொல்லிவந்த வாதத்துக்கு மல்டூனின் மறுப்பைவிட நல்ல பதில் ஒன்று இருக்க முடியாது. கோப்பையை முதலில் கொடுத்தவர்கள் கௌரவத்துக்காக ஆடுவது என்று எதைக் கருதினார்களோ அதை இந்தத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு மாலைப்பொழுதில் செய்து காட்டினார்கள் என்பது என் துணிபு.

ஏனையோர் மெல்ல மெல்லத் தேறினார்கள். ஹாலுக்கு ஜுரம் நியுமோனியாவாக முற்றிற்று. அந்தக் காலத்து வைத்தியம் இதன்முன் எவ்வளவு நிராயுதபாணியாக நின்றது என்பதை இன்று நம்மால் எண்ணிப் பார்ப்பதே கடினம். நோயின் காரணமான வைரஸையே 1933-ல்தான் கண்டறிந்தார்கள். நுரையீரலைத் தாக்கும் கிருமிகளை அடக்கும் பெனிஸிலின் பொதுமக்களுக்குக் கிடைத்தது 1940-களில். ஓய்வு, ஈரத்துணி, நல்ல பராமரிப்பு, இவற்றுக்குமேல் கொடுக்க ஒன்றுமில்லை. குழந்தைகளையும் முதியவர்களையும் மட்டும் பீடிக்காமல், இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரர்களையே அதிகமாக வாரிக்கொண்டு போனது அந்த ஜுரத்தின் விபரீதம்; களைத்துச் சோர்ந்த தேகங்களோடு ஒரே ரயிலிலும் ஒரே ஹோட்டலிலும் நெருங்கி வாழ்ந்த ஆட்டக்காரர்கள் அதற்குத் தப்புவது எப்படி? ஏப்ரல் 5-ந் தேதி சியாட்டில் மருத்துவமனையில் ஜோ ஹால் காலமானார். வான்கூவரில் அவரை அடக்கம் செய்தார்கள். அவருக்கு மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். 1961-ல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.

கென்னடி எழுந்து நடமாடினாரே ஒழிய பழைய ஆரோக்கியம் திரும்பவே இல்லை. 1921 அக்டோபரில் அவரும் மறைந்தார். அவருடைய மனைவி கனேடியன்ஸ் கோஷ்டியைப் பதினோராயிரம் டாலருக்கு விற்றுவிட்டார். பிற்காலத்தில் வேறெந்தக் கோஷ்டியையும்விட அதிக முறை கோப்பையை வென்ற ஸ்தாபனத்தின் விலை அது.

சியாட்டில் கோஷ்டிக்கு மறு ஆண்டே மற்றொரு வாய்ப்புக் கிடைத்தது. விடுதலை பெற்று ராணுவத்திலிருந்து கௌரவமாக அனுப்பப்பட்ட மாரிஸ், 1920 மார்ச்சில் ஒட்டாவாவுடன் நடந்த இறுதிப் பந்தயத்துக்கு வந்து சேர்ந்துகொண்டார். ஆயினும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒட்டாவாவே வென்றது. 1924-ல் சியாட்டில் அரங்கை மோட்டார் வண்டிகள் நிறுத்தும் இடமாக மாற்றிவிட்டதால் ஆட இடமின்றிக் கோஷ்டி கலைந்துபோயிற்று. ஃபாய்ஸ்டன், வாக்கர், ஹோம்ஸ் மூவரையும் லெஸ்டர் பாட்ரிக் தம் விக்டோரியா கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார். 1925 மார்ச்சில் கோப்பைக்கான இறுதிப் பந்தயத்தில் அவர்கள் எதிரே வந்து நின்றது மான்ட்ரீல் கனேடியன்ஸ். அதன் கோலில் அதே வெசினா. இம்முறை யாருக்கும் ஜுரம் இல்லை. நாலு ஆட்டங்களில் மூன்றை விக்டோரியா வென்று கோப்பையைப் பெற்றது. அதற்குப்பின் தேசிய ஹாக்கி லீக்கைச் சேராத எந்தக் கோஷ்டியும் அதை வென்றதில்லை.